ஒரே பிள்ளைக்கு இரண்டு சான்றிதழ்கள் ஏன்?



சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்து வந்தால் எங்கள் செம்பரம்பாக்கம். ஏரிக்கரையின் மீது ஏறி நின்று ஒரு முறை சுற்றிலும் பாருங்கள். நீங்கள் வந்த சாலை தேசிய நெடுஞ்சாலை. அது மத்திய அரசின் பொறுப்பு. எதிரே 24 அடி உயரத்திற்கு நீர் தேக்கும் ஏரி மாநில அரசின் பொறுப்பு. கரைக்குக் கீழே மாலையில் எரியும் தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. நின்ற இடத்தில் நின்றபடியே மூன்று ஆட்சிகளைப் பார்த்துவிடலாம்.

சாதாரண நாட்களில் இதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. 2015 டிசம்பரில் இந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் இறங்கிச் சென்னைக்குள் புகுந்தபோதுதான், மதகைத் திறக்கும் அதிகாரம் யாருடையது, எப்போது திறந்தார்கள் என்று ஊர் முழுவதும் கேட்டது. அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி, தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகே நமக்குத் தோன்றுகிறது.

நான் சொல்ல வந்தது ஏரியைப் பற்றி அன்று. வீட்டுப் பெட்டியில் நாம் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு காகிதத்தைப் பற்றி.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்த வேளையில் ஒரு தாய் வந்தார். கணவரை இழந்தவர், தையல் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். மத்திய அரசின் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்து, கலந்தாய்வு வரை சென்றிருக்கிறாள். அங்கே சான்றிதழைப் பார்த்தவர்கள், "இது செல்லாது, பொதுப் பிரிவில்தான் எடுத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார்கள். பொதுப் பிரிவின் மதிப்பெண் எல்லையை அவள் சிறிது வித்தியாசத்தில் தொடவில்லை. இடம் போயிற்று.

அந்தத் தாய் சான்றிதழை என் முன் விரித்து வைத்தார். பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம், லெப்பை என்று தெளிவாக எழுதியிருந்தது. முத்திரையும் இருந்தது. "என்ன ஹஜ்ரத் இது? சர்க்கார் கொடுத்த சர்ட்டிபிகேட்டை சர்க்காரே செல்லாது என்கிறதே?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் 'சர்க்கார்' என்று அவர் சொன்ன ஒரு சொல்லுக்குள் இரண்டு சர்க்கார்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு உரிமை தருவது ஒரே அரசியல் சாசனம்தான். எனினும் பின்தங்கியவர் யார் என்ற பட்டியலை மத்திய அரசு தனியாகவும் மாநில அரசு தனியாகவும் வைத்திருக்கின்றன. மாநிலக் கல்லூரிக்கும் மாநில வேலைக்கும் மாநிலப் பட்டியல். மத்திய நிறுவனத்திற்கும் மத்திய வேலைக்கும் மத்தியப் பட்டியல். லெப்பை சமூகம் இரண்டிலும் இருக்கிறது. ஆனால் மாநிலச் சான்றிதழைக் காட்டி மத்திய ஒதுக்கீட்டைப் பெற முடியாது. அதற்கு ஓ.பி.சி. சான்றிதழ் என்று வேறொன்று, வேறு படிவத்தில், அதே வட்டாட்சியர் அலுவலகத்திலேயே வாங்க வேண்டும். இதை அந்தக் குடும்பத்திற்கு முன்கூட்டிச் சொல்வார் இல்லை. நானும் சொல்லவில்லை, அந்தப் பெண் என்னிடம் ஓதியவள்.

அதிகாரத்தைப் பகிர்ந்து வைப்பது நமக்குப் புதிய செய்தி அன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபின் செய்துகொண்ட உடன்படிக்கையை நம் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அதில் ஒவ்வொரு கோத்திரமும் இரத்த ஈட்டுத் தொகையைத் தன் பழைய வழக்கப்படியே தானே வசூலித்துத் தானே செலுத்தும் என்று இருக்கிறது. யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு இவர்கள் மார்க்கம் என்று இருக்கிறது. நகரைக் காக்கும் பொறுப்பு எல்லோருக்கும் பொது. தீராத வழக்கு மட்டும் நபிகளாரிடம் வரும். எது கோத்திரத்தின் காரியம், எது நகரத்தின் காரியம் என்று எழுதி வைத்துவிட்டதால், ஒருவர் தம் உரிமைக்கு எந்த வாசலில் நிற்பது என்பது அன்று தெளிவாக இருந்தது.

நம் நாட்டில் அந்தத் தெளிவு வருவதற்குள் நடந்த கதை நீளமானது. அதில் பெரும்பகுதி நம் சென்னையில் நடந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மூடிய இரண்டு கதவுகள்

வெள்ளையர் ஆட்சியில், 1919 ஆம் ஆண்டுச் சட்டம் சில துறைகளை மாகாண மந்திரிகளிடம் ஒப்படைத்தது. 1920 தேர்தலில் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. கையில் கிடைத்த சிறிய அதிகாரத்தைக் கொண்டு 1921 இல் வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது உறுதியான கணக்காயிற்று: அரசுப் பணியில் 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. பன்னிரண்டில் இரண்டு! இன்றைய நிலையைத் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கை மீண்டும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

சுதந்திரம் வந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1949 மே மாதம், சிறுபான்மையினருக்குச் சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளை ஒதுக்குவது கைவிடப்பட்டது. கண்ணியமிகு காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் அவர்கள் அதை எதிர்த்துப் பேசினார்கள்; சபை ஏற்கவில்லை. அது முதல் கதவு.

இரண்டாவது கதவு நீதிமன்றத்தில் மூடியது. மருத்துவக் கல்லூரியில் 14 இடத்திற்கு முஸ்லிமுக்கு 1 என்ற கணக்கு அப்போது நடைமுறையில் இருந்தது. வகுப்புவாரி உத்தரவால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணியும், பொறியியல் கல்லூரி இடம் கேட்டு ஸ்ரீனிவாசன் என்பவரும் 1950 இல் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார்கள். உத்தரவு செல்லாது என்று உயர்நீதிமன்றம் கூறியது. 1951 ஏப்ரல் 9 ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

அதே நாளில் வெங்கடரமணா என்பவரின் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அதை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. மாவட்ட முன்சீப் பதவிகள் 83. அவற்றில் முஸ்லிம்களுக்கு 5 என்று ஒதுக்கியிருந்தார்கள். அரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், மற்றவை செல்லா என்றது நீதிமன்றம். மத்திய சாசனத்தின் அடிப்படை உரிமை, மாகாணத்தின் உத்தரவை வென்றது. முப்பதாண்டு வழக்கம் ஒரே நாளில் முடிந்தது.

தமிழகம் கொந்தளித்தது. பெரியார் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதே கிளர்ச்சியைத் தொடங்கிவிட்டார். 1951 ஜூன் மாதம் சாசனத்தின் முதல் திருத்தம் நிறைவேறியது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கு மாநில அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15 ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. ஒரு மாநிலத்தின் குரலால் நாட்டின் சாசனம் திருந்தியது என்று நம் மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் திரும்பி வந்தபோது சொல் மாறியிருந்தது. பழைய உத்தரவில் 'முஸ்லிம்' என்று இருந்தது. புதிய உட்பிரிவில் 'பின்தங்கிய வகுப்பு' என்று இருக்கிறது. மார்க்கத்தின் பெயரால் இனி ஒதுக்கீடு இல்லை. பின்தங்கியிருப்பதைக் காட்டினால் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாத் தீர்ப்புகளும் இதன் மேல்தான் நிற்கின்றன.

மூன்றரையும் நாலரையும்

அதன்பின் லெப்பை, மாப்பிள்ளை, தூதேகுலா போன்ற பிரிவினர் மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் பெரிய சமூகங்கள் பலவற்றோடு ஒரே பந்தியில் போட்டி. இலையைத் தேடி இடம் பிடிப்பதற்குள் சோறு தீர்ந்துவிடும் என்று ஒரு பெரியவர் சொல்வார்.

2007 இல் தமிழக அரசு, நீதிபதி ஜனார்த்தனம் தலைமையிலான பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் பரிந்துரையைப் பெற்று, பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று பிரித்துச் சட்டம் செய்தது. கிறிஸ்தவப் பெருமக்கள் தங்களுக்கு அது இலாபமில்லை என்று கண்டு, மறு ஆண்டே பழையபடி பொதுப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டார்கள். நமக்கு அது நிலைத்தது. அன்சார், தக்னி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவுகள் இதில் அடங்கும்.

இனி டெல்லியைப் பாருங்கள். 2011 டிசம்பரில் மத்திய அரசு தன் 27 விழுக்காட்டிலிருந்து சிறுபான்மையினருக்கு 4.5 விழுக்காடு பிரித்துத் தருவதாக அறிவித்தது. நம் பத்திரிகைகளெல்லாம் மகிழ்ந்து எழுதின. 2012 மே மாதம் ஆந்திர உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆணையம் அமைத்து ஆராயவில்லை, புள்ளிவிவரம் இல்லை, அலுவலகக் குறிப்பாணை ஒன்றினால் மார்க்க அடிப்படையில் பிரித்திருக்கிறார்கள் என்பது காரணம்.

நம்மிடம் பரிவு கொண்டவர் யார் என்பதை இவ்விரண்டையும் வைத்து அளக்க வேண்டாம். மாநிலம் ஆணையத்தின் வழியாகச் சென்று, எந்தெந்தப் பிரிவு என்று பெயர் குறித்து, சட்டமன்றத்தில் சட்டமாக்கியது. மத்திய அரசு தேர்தல் நெருக்கத்தில் ஒரு குறிப்பாணையோடு நிறுத்திக்கொண்டது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அறிவிப்பு அன்று, அடுப்பு.

மருத்துவக் கல்லூரியில் இன்றுள்ள நிலையையும் கேளுங்கள். தமிழக அரசு மருத்துவக் கல்லூரியில் 100 இடம் இருந்தால், 15 இடம் அகில இந்தியத் தொகுப்பிற்குப் போகும். மீதி 85 இடத்திற்கு மாநிலத்தின் 69 விழுக்காட்டு விதி. அதற்குள் நம் 3.5. அந்த 15 இடத்திற்கு மத்திய விதி. மாநிலங்கள் கொடுத்த அந்த இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு நெடுங்காலம் ஒதுக்கீடே இல்லாமல் இருந்தது. தமிழகத்திலிருந்து வழக்குத் தொடுத்து, 2020 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, 2021 முதல் 27 விழுக்காடு கிடைத்தது. ஒரே கட்டடம், ஒரே பேராசிரியர், அடுத்தடுத்த பெஞ்சு. ஆனால் ஒரு பிள்ளை மாநிலப் பட்டியலின் வழியாக வந்தவன், மற்றொரு பிள்ளை மத்தியப் பட்டியலின் வழியாக வந்தவன். கல்வி ஒரு காலத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலையின்போது செய்த 42 ஆவது திருத்தத்தால் அது பொதுப் பட்டியலுக்குப் போனதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்று மாதக் கவலை

2018 இல் சாசனத்தின் 102 ஆவது திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய ஆணையத்திற்குச் சாசனத் தகுதி தருவதே நோக்கம் என்று சொன்னார்கள். நாமும் கவலைப்படவில்லை. 2021 மே 5 ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் மராத்தா ஒதுக்கீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர், அந்தத் திருத்தத்திற்குப் பின் பின்தங்கிய வகுப்புகளை அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கே உரியது, மாநிலங்கள் பரிந்துரை மட்டுமே செய்யலாம் என்று கூறிவிட்டார்கள்.

அதன் பொருள் என்னவென்று நம் வீடுகளில் எத்தனை பேர் உணர்ந்தோம்? கொரோனாவின் இரண்டாம் அலையில் ஜனாஸாக்களை எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. பட்டியலை எழுதும் பேனா சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்விட்டது. மத்தியப் பட்டியலில் நமக்கென்று தனி விழுக்காடு கிடையாது; 3.5 என்பது மாநிலம் தன் பட்டியலைத் தானே வகுத்துக்கொண்டதால் வந்தது. அந்த அதிகாரமே இல்லையென்றால் அதன்மீது கட்டிய வீடு எத்தனை நாள் நிற்கும்?

எல்லா மாநிலங்களும் எல்லாக் கட்சிகளும் இதில் ஒன்றுபட்டன. ஏனெனில் இது முஸ்லிம்களின் கவலை மட்டும் அன்று. நாடெங்கும் உள்ள பல சாதியினரின் கவலை. 2021 ஆகஸ்டில் 105 ஆவது திருத்தம் இரு அவைகளிலும் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறி, மாநிலங்கள் தம் பட்டியலைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக்கியது. மூன்று மாதத்தில் பேனா திரும்பி வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

இதைக் கேட்டு, அதிகாரம் எப்போதும் மாநிலத்தில் இருப்பதே நமக்கு நல்லது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் முஸ்லிம்களுக்கு இருந்த 4 விழுக்காட்டை 2023 மார்ச்சில், தேர்தல் வாசலில், மாநில அரசே எடுத்து வேறு சமூகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனதால் அது நடைமுறைக்கு வராமல் நின்றது. கொடுக்கும் கையே எடுக்கும் கையாகவும் ஆகலாம்.

அமெரிக்காவில் இன்னும் கடுமையாக நடந்தது. கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று தடுத்தவை மாநிலங்கள். 'மாநில உரிமை' என்பதே அவர்களுடைய முழக்கம். 1957 இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய முடியாமல் ஆளுநர் காவற்படையை நிறுத்தினார். ஜனாதிபதி ஐசன்ஹோவர் மத்திய இராணுவத்தை அனுப்பி அவர்களை வகுப்பறைக்கு அழைத்துச் செல்ல வைத்தார். அங்கே மாநிலத்திடமிருந்து குடிமகனைக் காத்தது மத்திய அரசு. இங்கே பின்தங்கியவருக்குக் கதவைத் திறந்தது பெரும்பாலும் மாநில அரசு. ஆகவே எந்த ஆட்சி நமக்கு உறவு என்று கேட்பதைவிட, எந்தக் காரியம் எந்த ஆட்சியிடம் இருக்கிறது, அங்கே நம் வழக்கைக் காட்டச் சான்று இருக்கிறதா என்று கேட்பதே பயனுள்ளது.

சான்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2021 இல் தமிழகம் வன்னியர் சமூகத்திற்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31 இல் அதை ரத்து செய்தது. உள் ஒதுக்கீடு செய்ய மாநிலத்திற்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் போதிய புள்ளிவிவரம் இல்லை என்றது. அதிகாரம் இருந்தும் கணக்கு இல்லாததால் சட்டம் விழுந்தது. நம் 3.5 க்கும் ஒரு நாள் கணக்குக் கேட்பார்கள் என்று எண்ணிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கணக்கெடுப்போ மத்திய அரசின் காரியம். 2027 மார்ச் 1 ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். இங்கேதான் என்னைப் போன்ற உலமாக்களுக்கு ஒரு தயக்கம். "இஸ்லாத்தில் ஏது சாதி? முஸ்லிம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். நானும் ஜும்ஆ மேடையில் சொல்லியிருக்கிறேன்.

இப்போது சற்று விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். பிறப்பால் ஒருவர் உயர்ந்தவர், ஒருவர் தாழ்ந்தவர் என்பதை மார்க்கம் முற்றாக மறுக்கிறது; அதில் மாற்றமே இல்லை. ஆனால் கோத்திரப் பெயர்களை அது அழித்துவிடவில்லை. 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தின் 13 ஆம் வசனத்தை ஓதுகிறவர்கள் அறிவார்கள்: கோத்திரங்கள் அடையாளத்திற்காக, சிறப்போ இறையச்சத்திற்கு. மதீனா உடன்படிக்கையிலேயே கோத்திரங்கள் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. லெப்பை என்றோ ராவுத்தர் என்றோ படிவத்தில் சொல்வது, பள்ளிவாசல் வரிசையில் தோளோடு தோள் நிற்பதை மாற்றிவிடாது. அந்தப் பெயரைக் கொண்டு பெண் கொடுக்க மறுப்பதும், கபரஸ்தானில் வேறுபாடு காட்டுவதும்தான் பாவம். அந்தப் பாவம் நம்மிடம் சில இடங்களில் இல்லாமலும் இல்லை. அதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

தாய்மார்களுக்கு இரண்டொரு செய்தி. மாநிலச் சாதிச் சான்றிதழை ஒரு முறை வாங்கினால் போதும். மத்திய ஓ.பி.சி. சான்றிதழ் அப்படியன்று, நிதியாண்டு மாறினால் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். அதில் 'கிரீமி லேயர்' என்று வசதி படைத்தவரை விலக்கும் விதி உண்டு. ஆண்டு வருமானம் எட்டு லட்சம் என்பது இன்றைய வரம்பு. பெற்றோரின் மாதச் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த எட்டு லட்சக் கணக்கில் சேராது. அரசு வேலையில் இருப்பவரானால் பதவியின் தரத்தைத் தனியாகப் பார்ப்பார்கள். இதைத் தெரியாமல், சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துத் 'தகுதி இல்லை' என்று தாங்களே முடிவு செய்துகொண்ட குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். இரண்டு சான்றிதழிலும் பெயரின் எழுத்தும், தந்தை பெயரின் எழுத்தும், பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். 'முஹம்மது' என்ற ஒரு பெயரை நாம் ஆங்கிலத்தில் எழுதும் விதங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் மதரஸாவில் இப்போது ஷஃபான் மாதம் வந்துவிட்டால் பெரிய பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்துவரச் சொல்லிப் பார்த்துவிடுகிறோம். அந்தத் தாயின் மகள் மாநில அரசுக் கல்லூரி ஒன்றில், நம் 3.5 விழுக்காட்டில் இடம் பெற்றுப் படிக்கிறாள். தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ. போன வாரம் அவர் இரண்டு சான்றிதழ்களையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். மாநிலத்தினுடையது, மத்தியத்தினுடையது என்று தனித்தனியே எடுத்து வைத்தார். மத்தியச் சான்றிதழின் தேதியை நான் பார்ப்பதற்குள், "ஏப்ரல் பிறந்ததும் புதுசு எடுக்கணும் ஹஜ்ரத், எனக்குத் தெரியும்" என்றார்.